டெக்னிகல் பேனா ஏன் அடைத்துக்கொள்கிறது, எப்படி மீட்பது?

உங்கள் கேள்வி இது: அகலம் மாறாத மைக்கோடு போடும் டெக்னிகல் பேனாக்களை 0.18, 0.35, 0.5 மி.மீ. என மூன்று அளவுகளில் வாங்கியிருக்கிறீர்கள். சில மாதங்கள் மையோடு பெட்டியில் கிடந்தபின் 0.18 எழுதவே மறுக்கிறது. 0.5 எழுதுகிறது, ஆனால் நடுநடுவே பெரிய மைத்துளியைக் கொட்டிப் படத்தைப் பாழாக்குகிறது. முனையைப் பிரித்து உள்ளே இருக்கும் கம்பியை எடுத்துத் துடைக்கலாமா, இந்த மூன்று அளவுகள் போதுமா, இல்லை நார்முனை கொண்ட ஃபைன்லைனருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அவசரமான பதில்: கம்பியை வெளியே எடுக்காதீர்கள். 0.18 அளவில் அந்தக் கம்பி தலைமுடியைப் போல் மெல்லியது. வெளியே வந்தபின் அதைத் திரும்பக் குழாய்க்குள் நுழைப்பது பழகிய கைக்கே கடினம். நுழைக்கும்போது லேசாக மடங்கினாலும் அந்த முனை அவ்வளவுதான். பேனா இப்போது அடைத்துத்தான் கிடக்கிறது, கெட்டுப்போகவில்லை. அடைப்பைக் கரைத்து எடுக்கலாம், மடங்கிய கம்பியை நிமிர்த்த முடியாது.

இந்தப் பேனாவைப் பற்றிச் சொல்லப்படும் விதிகள் எல்லாம் அதன் முனை வேலை செய்யும் விதத்திலிருந்தே வருகின்றன. அதைப் புரிந்துகொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முனை என்பது ஒரு நுண்குழாய். கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது அந்தக் குழாய் நுனியின் வெளிவிட்டம். குழாய்க்குள் ஒரு கம்பி, கம்பியின் பின்முனையில் ஒரு சிறு எடைக்குண்டு. பேனாவை அசைத்தால் குண்டு முன்னும் பின்னும் ஓட, கம்பி குழாயைத் துழாவிச் சுத்தம் செய்கிறது. முனை கீழ்நோக்கி இருக்கும்போது கம்பியின் நுனி குழாய்க்கு வெளியே மிகச் சிறிதளவு எட்டிப் பார்க்கும். காகிதத்தில் முனை பட்டதும் அது உள்ளே தள்ளப்படும், அந்தச் சிறு அசைவிலேயே மை இறங்கத் தொடங்கும். பிறகு நுண்குழாய் ஈர்ப்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பாகம் பலரது கண்ணில் படுவதே இல்லை. முனைக்குப் பின்னால் பிளாஸ்டிக் உடலைச் சுற்றித் திருகாணிபோல் ஓடும் ஒரு சுருள் வாய்க்கால் இருக்கிறது. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும் அல்லவா, அந்தக் காற்று இதன் வழியாகத்தான் போகிறது. கையின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும்போது, மிகுதி மை ஒதுங்கி நிற்பதும் இந்த வாய்க்காலில்தான். குழாய் அடைத்தால் பேனா எழுதாது. வாய்க்கால் அடைத்தால் சில சமயம் எழுதாது, சில சமயம் கொட்டும். உங்கள் இரண்டு பேனாக்களின் இரண்டு நோய்களும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன.

இனி 0.18. மூடியைக் கழற்றி, பேனாவைக் கிடைமட்டமாகக் காதருகே பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். மெல்லிய 'டிக் டிக்' ஒலி கேட்டால் கம்பி விடுபட்டிருக்கிறது, வேறெங்கோ அடைப்பு என்று பொருள். ஒலியே இல்லையென்றால் காய்ந்த மை கம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது வேகமாகக் குலுக்காதீர்கள், மேசையில் தட்டவும் தட்டாதீர்கள். நுனி ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் குண்டு இழுத்தால் மடங்குவது கம்பிதான்.

பேனாவுக்குள் மை நிற்கும் மைக்கூட்டைக் கழற்றி மீந்திருக்கும் மையைக் கொட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் கிடந்த மையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். முனைப் பகுதியை உடலிலிருந்து திருகி எடுக்க, பல பேனாக்களில் மூடியின் தலையிலோ பெட்டியிலோ ஒரு சாவி கொடுத்திருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள். இடுக்கி வேண்டாம். முனைப் பகுதியின் பின்புறம் கம்பியைத் தாங்கும் சிறு அடைப்பான் இருக்கும். அதைத் தொடாமல், முழு முனைப் பகுதியையும் அப்படியே வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் ஓரிரு சொட்டு சேர்க்கலாம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் உருமாறிவிடும்.

கண்ணாடி டம்ளரில் போட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சில நிமிடங்களில் சுருள் வாய்க்காலின் இடுக்குகளிலிருந்து கருப்பு இழைகள் இறங்கி நீரின் அடியில் படியத் தொடங்கும். நீர் கறுத்ததும் மாற்றுங்கள். மூன்று நான்கு முறை மாற்றிய பின்னும் இழை வந்துகொண்டிருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். அதன்பின், ரப்பர் ஊதுகுமிழில் நீர் எடுத்து முனைப் பகுதியின் பின்புறத்தில் பொருத்தி மெதுவாக அழுத்துங்கள். குழாய் நுனியிலிருந்து நீர் நூல்போல் நேராகப் பீச்சினால் வழி திறந்துவிட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து பீச்சினால் நுனியில் இன்னும் பொருக்கு ஒட்டியிருக்கலாம், அல்லது நுனி நசுங்கியிருக்கலாம். பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வெறும் நீருக்கு மசியவில்லையென்றால் டெக்னிகல் பேனாவுக்கென்றே விற்கும் சுத்திகரிப்புத் திரவத்தில் ஊறவைக்கலாம். இவற்றில் பல அம்மோனியா கலந்தவை, காய்ந்த மையின் பிசினை அது தளர்த்தும். இதனோடு பிளீச்சிங் திரவம் எதையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். அசிட்டோன், தின்னர் போன்றவை மையைக் கரைப்பதற்கு முன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். நீரை நுண்ணதிர்வால் அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசானிக் கருவி கையில் இருந்தால் அதுவே சிறந்த வைத்தியம். முனைப் பகுதியை அதில் சிறிது நேரம் வைத்து, காதருகே அசைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வையுங்கள்.

கம்பி விடுபட்டதும் ஊதுகுமிழால் காற்றடித்து உள்ளே இருக்கும் நீரை வெளியேற்றி, முனை மேல்நோக்கி இருக்கும்படி உறிஞ்சுதாளில் நிறுத்தி உலரவிடுங்கள். எவ்வளவு உலர்த்தினாலும் வாய்க்காலில் கொஞ்சம் ஈரம் தங்கும். மை நிரப்பியபின் முதல் சில கோடுகள் சாம்பல் நிறத்தில் வருவது அதனால்தான். கறுப்பு முழுதாகத் திரும்பும்வரை கழிவுத்தாளில் கோடு போடுங்கள்.

இப்போது 0.5. மைத்துளி கொட்டுவதற்கு நான் முதலில் சந்தேகிப்பது மைக்கூட்டில் மை குறைந்திருப்பதை. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. அந்தக் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளுகிறது. கால்பங்கு மைதான் இருக்கிறது என்றால், முடியும்வரை காத்திருக்காமல் நிரப்பிவிடுங்கள். நிரம்பிய மைக்கூட்டிலும் கொட்டினால் அடுத்த குற்றவாளி சுருள் வாய்க்கால். முனை கீழ்நோக்கி இருக்கும்போது குலுக்கினால் அந்த வாய்க்கால் மையால் நிரம்பிவிடும். பிறகு மிகுதி மை ஒதுங்க இடமில்லாமல் நேராகப் படத்தில் இறங்கும். உறிஞ்சுதாளை வாய்க்காலின் ஓரத்தில் வைத்தால் அந்த மை வந்துவிடும், காய்ந்திருந்தால் மேலே சொன்ன குளியல்தான் வழி. மைக்கூடு சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்தாலும், அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் இதே நோய் வரும். அதையும் பார்த்துவிடுங்கள். விமானத்தில் எடுத்துப் போகும்போதும் அழுத்த மாற்றத்தால் கொட்டும். அப்போது மையைக் காலி செய்துவிட்டு எடுத்துச் செல்வது நல்லது.

அதனால் குலுக்கும் விதம் முக்கியம். பேனாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, அதன் நீளவாட்டில், நாலைந்து முறை. ஒலி கேட்டால் போதும். பிறகு கழிவுத்தாளில் ஒரு கோடு. அது சீராக வந்தபின்தான் படத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும், அவசரமாக இருந்தாலும்.

நிரப்பும்போது மைக்கூட்டை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மேலே சற்று இடம் விடுங்கள். மைக்கூட்டை நிமிர்த்தி வைத்து, முனைப் பகுதியைத் தலைகீழாக அதற்குள் மெதுவாகச் செருகி, பிறகு பேனாவைத் திருப்புங்கள். வேகமாகச் செருகினால் அந்த அழுத்தமே மையை வாய்க்காலுக்குள் தள்ளிவிடும். திருப்பியவுடன் எழுதவில்லை என்று குலுக்கத் தொடங்க வேண்டாம். குழாய்வரை மை இறங்கச் சில நிமிடங்கள் ஆகும்.

மையைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. புட்டியின்மேல் டெக்னிகல் பேனாவுக்கு என்று எழுதியிருந்தால் மட்டுமே உள்ளே ஊற்றுங்கள். தோய்த்து எழுதும் பேனாவுக்கும் தூரிகைக்குமான இந்தியன் இங்க் பெரும்பாலும் ஷெல்லாக் என்ற அரக்குப் பிசின் கலந்தது. காகிதத்தில் அழகாக மின்னும், ஆனால் குழாய்க்குள் காய்ந்தால் அரக்காகவே இறுகும். அக்ரிலிக் மை அதைவிட மோசம், காய்ந்தபின் நீரில் கரையாது. ஊற்றுப்பேனா மை அடைக்காது, ஆனால் அது சாயமை. கறுப்பின் அடர்த்தி போதாது, நீர் பட்டால் கரையும், பல மைகள் வெளிச்சத்தில் மங்கும். துல்லியமான கோட்டுப்படத்துக்கு வேண்டியது கரித்துகள் கலந்த நிறமி மைதான். இரண்டு நிறுவனங்களின் மையை ஒரே மைக்கூட்டில் கலக்காதீர்கள், கலந்தால் சில மைகள் உள்ளே திரிந்துவிடும். மைப்புட்டியின் வாயில் உலர்ந்து நிற்கும் பொருக்கையும் அவ்வப்போது துடையுங்கள். அதிலிருந்து ஒரு துணுக்கு மைக்கூட்டில் விழுந்தால் அது நேராகக் குழாயைத் தேடிப் போகும்.

வரையும்போது பேனா செங்குத்தாக நிற்க வேண்டும். 80 முதல் 90 பாகை. பந்துமுனைப் பேனா பழகிய கைக்கு இது முதலில் விநோதமாகத்தான் இருக்கும். சாய்த்தால் குழாயின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டுமே தாளில் படும். கோட்டின் ஒரு ஓரம் கூராகவும் மறு ஓரம் பிசிறாகவும் வரும், காகிதத்தின் நாரைச் சுரண்டி எடுத்து அதையே குழாய்க்குள் திணிக்கும், நாளடைவில் நுனி ஒருசாய்வாகத் தேயும். அழுத்தமும் தேவையில்லை. பேனாவின் எடையே போதும். அழுத்தினால் கோடு தடிமனாகாது, தாள்தான் காயப்படும்.

வேகம் சீராக இருக்கட்டும். விரைந்து இழுத்தால் மை பின்தங்கிக் கோடு மெலியும், நடுவில் அறுபடும். மெல்லிய முனைகளில் இது சட்டென்று தெரியும். கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தயங்கி நின்றால் அங்கே ஒரு குமிழ் விழும். கை நகரத் தொடங்கியபின் முனை இறங்கட்டும், கை நிற்பதற்கு முன் முனை எழட்டும்.

அளவுகோலோடு வரையும்போதுதான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. தாளோடு ஒட்டியிருக்கும் விளிம்பை ஈர மை தொட்டால், மை அதன் அடியில் ஓடிவிடும். முனைக் குழாய் படிபோல் மேலே தடித்தும் நுனியில் மெலிந்தும் செய்யப்பட்டிருப்பது, நுனியிலிருந்து அளவுகோலைச் சற்று விலக்கி நிறுத்துவதற்குத்தான். அதோடு, விளிம்பு தாளிலிருந்து உயர்ந்து நிற்கும் அளவுகோலும் செட் ஸ்கொயரும் வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்தள்ளி, இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். கோடு போட்டதும் அளவுகோலைக் கோட்டின்மேல் இழுக்காமல், கோட்டிலிருந்து விலக்கி எடுங்கள். வலக்கைக்காரர் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் போவது ஈரக் கோட்டைக் கையால் இழுக்காமல் இருக்க. வட்டமும் நேர்கோடும் சேரும் இடங்களில் வட்டத்தை முதலில் போடுங்கள். வில்லின் நுனிக்கு நேர்கோட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எளிது, மறுதலையாகச் செய்தால் இணைப்பு எப்போதும் துருத்தி நிற்கும். காம்பஸில் பொருத்தும் இணைப்பான் கிடைக்கிறது. அதில் மாட்டும்போதும் முனை செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தாள் வழவழப்பாக இருக்கட்டும்: டிரேசிங் பேப்பர், பிரிஸ்டல் அட்டை, ஹாட் பிரெஸ் நீர்வண்ணத்தாள். சொரசொரப்பான, நார் எழும் தாள் முனைக்கு எதிரி. பாலியெஸ்டர் ஃபிலிமில் வரைவதானால் எஃகு முனை விரைவில் தேய்ந்துவிடும், அதற்கென டங்ஸ்டன் கார்பைடு முனையும் நீலமணிக்கல் முனையும் உண்டு. பென்சில் கோட்டின்மேல் மை போடுபவர்கள் 2எச் போன்ற கடினப் பென்சிலால் லேசாக வரைந்து, பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்து, கோடு மங்கலாகத் தெரியும் நிலையில் மை போடுங்கள். தடித்த கிராஃபைட் பொடியும் குழாயை அடைக்கும். கை எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது. உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத்தாள் எப்போதும் இருக்கட்டும்.

புள்ளிகளால் நிழல் கட்டும் வேலையில்தான் இந்தப் பேனாவின் அருமை முழுதாகத் தெரிகிறது. தாவரவியல் படங்களிலும், அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளையும் கற்கருவிகளையும் வரையும் படங்களிலும், ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரே அளவில் வட்டமாக நிற்க வேண்டும். நார்முனை முதல் நூறு புள்ளிகளுக்கும் கடைசி நூறுக்கும் இடையில் தேய்ந்துபோகும். உலோகக் குழாய் அப்படித் தேயாது. ஆனால் குத்தாதீர்கள். தொட்டு எடுங்கள். நகரும் கையோடு தொட்டால் புள்ளிக்கு வால் முளைக்கும், ஆகவே கை நின்று, பேனா இறங்கி, எழ வேண்டும். புள்ளி வேலைக்கு 0.18ஐவிட 0.25 எனக்குப் பிடித்தது. அச்சில் சுருக்கும்போதும் தாக்குப்பிடிக்கும். படத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் 0.18 கோடு 0.09 ஆகிவிடும், அது அச்சில் அங்கங்கே அறுந்து போக வாய்ப்பு அதிகம். பாதியாகச் சுருக்கப்படும் என்று தெரிந்தால் 0.25க்குக் கீழே இறங்காதீர்கள்.

இனிப் பராமரிப்பு. இந்தப் பேனாவைக் கெடுப்பது பயன்பாடு அல்ல, ஓய்வு. தினமும் எழுதும் பேனாவைப் பல வாரங்கள் கழுவாமல் ஓட்டலாம். மை புதிதாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதற்குச் சுத்தம். படம் இல்லாத நாளிலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு பேனாவிலும் நாலு கோடு போட்டு மூடுங்கள். வரையும்போது ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தால்கூட மூடிவிடுங்கள். 0.13, 0.18 போன்ற முனைகளில் மை காய அதிக நேரம் தேவையில்லை. மூடியின் உள்ளே முனையைக் காற்றுப்புகாமல் பிடிக்கும் ஒரு சிறு அடைப்பு இருக்கிறது. அங்கே மைப்பொருக்கு சேர்ந்தால் மூடி மூடியதுபோல் தோன்றும், காற்று மட்டும் புகுந்துகொண்டிருக்கும். 'நன்றாக மூடித்தான் வைத்தேன், ஆனாலும் காய்ந்துவிட்டது' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும்.

பேனாவை முனை மேல்நோக்கி நிறுத்தி வையுங்கள். குழாயில் நிற்கும் மை திரும்ப இறங்கிவிடும், நுனியில் காய்வதற்கு ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று வாரங்களுக்குமேல் தொடப்போவதில்லை என்றால் மையைக் காலி செய்து கழுவி, உலர்த்தி வைப்பதுதான் ஒரே வழி. அரை மணி நேர வேலை. உங்கள் 0.18க்கு நேர்ந்தது இதைச் செய்யாததால்தான்.

இரண்டு முறை இரவு முழுக்க ஊறிய பின்னும் கம்பி அசையவில்லையென்றால், அல்லது நுனி மடங்கியிருந்தால், முனைப் பகுதியை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்தலாம். உடல், மைக்கூடு, மூடி எல்லாம் அப்படியே உதவும். வாங்கும்போது நிற வளையத்தைப் பாருங்கள்: பன்னாட்டுத் தர முறையில் 0.13 ஊதா, 0.18 சிவப்பு, 0.25 வெள்ளை, 0.35 மஞ்சள், 0.5 பழுப்பு, 0.7 நீலம், 1.0 ஆரஞ்சு. உங்கள் மாதிரிக்கான முனைதானா என்பதையும் கவனியுங்கள், ஒரே நிறுவனத்தின் எல்லா மாதிரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஃபைன்லைனரா, இதுவா? ஹாம்பர்க்கில் 1928இல் தொடங்கப்பட்ட நிறுவனம் ரோட்ரிங். அது 1953இல் ராபிடோகிராஃப் பேனாவைக் கொண்டுவந்தபோது, வரைவாளர்கள் பழைய கோட்டுப்பேனாவின் இரண்டு உலோக அலகுகளுக்கு நடுவே மையை ஏற்றி, திருகைத் திருகிக் கோட்டின் அகலத்தைக் கண்ணால் அமைத்துக்கொண்டிருந்தார்கள். அகலம் மாறாத கோடு என்பதுதான் அந்தப் பேனா தந்த பெரிய விடுதலை, இன்றும் அதன் மதிப்பு அதில்தான். ஃபைன்லைனரின் நுனி அழுத்தத்துக்கு அகலும், அளவுகோலில் உரசித் தேயும். அதன் எண்களும் எப்போதும் மி.மீ. அல்ல: பிக்மா மைக்ரான் என்ற ஃபைன்லைனரில் 01 என்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45. ஆனால் வெளியே போய் வரைபவருக்கும், மாதம் ஒருமுறை பேனா எடுப்பவருக்கும் அதுவே சரியான கருவி, அதில் எந்தக் குறைவும் இல்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் மேசையில் உட்கார்ந்து வரைபவருக்கு நான் தயங்காமல் டெக்னிகல் பேனாவைத்தான் சொல்வேன்.

மூன்று அளவுகள் போதுமா என்பதற்குப் பதில் அந்த எண்களிலேயே இருக்கிறது. 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ3 தாளை ஏ4 ஆகச் சுருக்கும் விகிதமும் இதுவே. ஏ3இல் 0.5ஆல் வரைந்த கோடு ஏ4இல் 0.35 ஆகிவிடும், சுருங்கிய படத்தில் திருத்தம் போட 0.35 பேனாவையே எடுக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெளிவாகத் தெரிய இரண்டு படி இடைவெளி நல்லது: வெளிக்கோடு 0.5, உள்விவரம் 0.25. உங்களிடம் இருப்பதில் 0.35க்கும் 0.18க்கும் நடுவே அந்த 0.25 விடுபட்டிருக்கிறது. அடுத்து வாங்குவதானால் அதை வாங்குங்கள். 0.13ஐ வாங்கும் ஆசை வந்தால், 0.18ஐ ஒரு வருடம் அடைக்காமல் வைத்திருந்த பிறகு வாங்கலாம்.